நில்

மூன்றாம் படுக்கை. செங்கமலவல்லி. வயது இருபத்தாறு.
இரண்டாம் பிரசவம். ஆண் குழந்தை, இரண்டு கிலோ நானூறு,
கீழ்மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது.
கர்ப்பப்பையை வியாழன் ராத்திரியே எடுத்தாயிற்று.
பதினோரு பை ரத்தம் உள்ளே போனது.
வெளியே போனது எவ்வளவென்று
தலைஞாயிற்றிலிருந்து தஞ்சாவூர் வரை அவளைக் கொண்டுவந்த
ஆம்புலன்ஸின் தரையைத்தான் கேட்க வேண்டும்.

ரத்தம் நின்றுவிட்டது.
கூடவே இன்னொன்றும் நின்றுவிட்டது.
கட்டிலோரம் தொங்கும் பையில்
மணிக்கு முப்பது மில்லியாவது இறங்க வேண்டும்.
ஏழு மணிக்கு ஐந்து.
எட்டுக்கு ஒன்றுமில்லை.
ஒன்பதுக்கும்.

ஒன்றுமில்லாததை நாங்கள்
நில் என்றுதான் சொல்லிக்கொள்வோம்.
இங்கிலீஷில் அது வெறும் பூஜ்ஜியம்.
தமிழில் வாசித்தால் கட்டளை.
மணிக்கொரு தரம் அவள் தலைமாட்டில் நின்று
எழுதிக்கொண்டிருக்கிறேன்:
நில். நில். நில்.

எல்லார் வீட்டு ஆட்களும் ஒன்றையே கேட்பார்கள்.
பொழச்சுக்குவாளா, சிஸ்டர்?
அதற்கு என்னிடம் எண் கிடையாது.
இவள் புருஷன் மட்டும்
கதவிடுக்கில் முகத்தை வைத்து
எவ்வளவு, சிஸ்டர்? என்பான்.

வீரசேகரன். ஆற்றில் லஸ்கர் வேலை.
ஷட்டரை ஏற்றுவான், இறக்குவான்,
காலை ஆறு மணிக்கு அளவுகோல் பார்த்து
ஆபீசுக்குப் போனில் சொல்வான்.
சட்டைப்பையில் ஒரு நோட்டு.
இடப்பக்கம் அடப்பாறு.
வலப்பக்கம் பொண்டாட்டி.

"கல்லணையில தொறந்தா
எங்க பக்கம் எட்டிப்பாக்க பத்து நாளாவும் சிஸ்டர்.
வாய்க்கா வெடிச்சுக் கெடக்கும்.
அதுக்காவ தண்ணி இல்லன்னா சொல்லுவோம்?
வந்துகிட்டிருக்குன்னுதான் சொல்லுவோம்."

உவமை எனக்குப் பிடிக்காது.
சிறுநீரகம் வாய்க்கால் இல்லை.
நன்றாக உவமை சொன்னவர்கள் பலரை
பிணவறை வாசலில் கையெழுத்துப் போடவும் பார்த்திருக்கிறேன்.
ஐந்தாம் படுக்கை நேற்று வரை பாபநாசத்துப் பெண்.
வலிப்பு. ஏழு மாதம்.
விரிப்பு மாற்றியாயிற்று.
அந்த விரிப்பின்மேல் இப்போது வேறொரு பெண் மூச்சு வாங்குகிறாள்.

நான்காம் நாள் டயாலிசிஸ் மிஷின் உருண்டு வந்தது.
அன்றைக்கே அவளுக்குப் பால் கட்டியது.
வாயில் குழாய், கண்ணில் டேப்,
மகன் பிறந்ததே தெரியாத பெண்.
மார்புக்கு யார் போய்ச் சொன்னார்கள்?
கவுனில் இரண்டு ஈர வட்டம்.
கையால் பிழிந்தெடுத்தேன், இளஞ்சூடு.
அத்தனை மருந்து ஓடும் உடம்பு,
குழந்தைக்கு வேண்டாம் என்றார் டாக்டரம்மா.
வாஷ்பேசினில் ஊற்றினேன்.
பிறகு குழாயைத் திறந்து
வேண்டிய நேரத்துக்கும் மேலே கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள், விடியற்காலை நாலு.
பையின் குழாய் வளைவில்
கடுந்தேநீர் நிறத்தில் ஒரு கோடு.
நேற்றும் இருந்ததா?
தரையில் குந்தி, குழாயைத் தூக்கிப் பிடித்தேன்.
நகர்ந்தது.
நின்றது.
மறுபடி நகர்ந்தது.
என் முழங்கால் மரத்துப்போகும் வரைக்கும்
அது பைக்குள் இறங்குவதையே பார்த்தேன்.

எட்டு மில்லி.

எட்டு மில்லிக்கெல்லாம் ஆளை எழுப்பக் கூடாது.
பத்து வருஷ சர்வீஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது.
கதவைத் திறந்தேன்.
செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில்
தினத்தாள் விரித்து உட்கார்ந்திருந்தான், தூங்கவில்லை.

எட்டு என்றேன்.

சிரிக்கவில்லை. சாமி பெயர் சொல்லவில்லை.
"என்ன நெறம்?" என்றான்.
கலங்கல்.
தலையாட்டினான். "மொதத் தண்ணி அப்படித்தான்,
சருகும் நுரையுமா வரும்."
நோட்டில் வலப்பக்கம் எழுதினான்: 8. கலங்கல். 4.20.
எழுதியதை விரலால் மூடிக்கொண்டான்.

பிறகு போனை எடுத்து
ஊரில் யாரையோ எழுப்பினான்.
"டேய், ஆறு மணிக்கு அளவு பாக்க மறந்துடாத."

நான் உள்ளே வந்துவிட்டேன்.
ஐந்து மணிக்கு
இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.