முந்நூற்று இருபது வோல்ட்

கூத்தாநல்லூர், சித்திரை மாதம்.
வெண்ணாறு முழுக்க மணல்.
இரவு ஒன்பதே காலுக்கு ஜெய்னம்பு போன் செய்தாள்:
"டியூப்லைட்டு வெள்ளையா எரிஞ்சிச்சுண்ணே,
ரொம்ப வெள்ளையா. அப்புறம் படார்னு போயிருச்சு."
தான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டதுபோல்
குரலில் ஒரு கூச்சம்.

மெயினை இறக்கிவிட்டு
வரும் ஒயரில் மீட்டரை வைத்தேன்.
320.
பேட்டரி வீக்கோ என்று தட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.
318. 321.
டெஸ்டரைக் கறுப்பு ஒயரில் தொட்டேன்.
எரிந்தது.
எரியவே கூடாத ஒயர் அது.

எதிரே புருனே வீட்டில் நாளைக்கு நிக்காஹ்.
வாசலில் ஆறு ஹாலஜன், ஒவ்வொன்றும் ஐந்நூறு வாட்,
ஆறும் ஆரஞ்சு நிறத்தில் தூங்கி வழிந்தன.
பந்தல் ஃபேனின் இறக்கைகளை
நின்ற இடத்திலிருந்து எண்ண முடிந்தது.
அங்கே தொண்ணூற்று ஐந்து.

கூட்டிப் பாருங்கள்.
நானூற்றுப் பதினைந்து:
இரண்டு ஃபேஸுக்கு நடுவில் இருப்பது அவ்வளவுதான்.
மூன்றாவது ஃபேஸின் ஃப்யூஸ் சாயங்காலமே போயிற்று.
நியூட்ரல் எங்கோ அறுந்துவிட,
எதிரெதிர் வாசல் இரண்டும்
தெரியாமலே ஒரே சரட்டில் கோத்துக்கொண்டன.

கம்பத்து எர்த்தாவது பிடித்திருக்கலாம்.
போய்ப் பார்த்தேன்.
களிமண் வெடித்து, விரிசலில் என் கை மணிக்கட்டுவரை போனது.
காய்ந்த மண் எதையும் வாங்கிக்கொள்ளாது.

லைன்மேன் கலியபெருமாள் டிவிஎஸ்ஸில் வந்தார்,
மேல்சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.
சுவிட்சை இறக்கினார்.
தெரு முழுக்க ஒரே இருட்டு;
பந்தலில் யாரோ யாரையோ திட்டினார்கள்.
எர்த் ராடு மாட்டிவிட்டு ஏறினார்.
"ஜாயிண்ட்டு பூத்துக் கெடக்குப்பா" என்றார் மேலிருந்து.
அலுமினியம் பூத்தால் மாவுபோல் உதிரும்.
கொஞ்சம் என் தலையில் விழுந்தது.

டிரான்ஸ்ஃபார்மரில்
மேல்பக்கம் டெல்டா, கீழ்ப்பக்கம் ஸ்டார்.
டெல்டாவுக்கு நியூட்ரல் கிடையாது.
ஐடிஐயில் இதைப் போர்டில் எழுதியபோது
"நம்மளும் டெல்டாதானே சார்" என்றான் பின்பெஞ்சு மகிழ்நன்.
சாரும் சிரித்தார்.
அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.
ஹாலஜன் ஆறும் கண்ணைக் குத்தின.
புருனே வீட்டுக்காரர் ஃபேனைப் பற்றிக் கேட்டார்,
சரியாகிவிட்டது என்றேன், உள்ளே போய்விட்டார்.
அங்கே எதுவும் கருகவில்லை.

ஜெய்னம்பு வீட்டில்
டியூப், சோக், செட்டாப் பாக்ஸ், செல் சார்ஜர்.
பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை.
"நான் ஒத்த லைட்டுதானே போட்டிருந்தேன்.
அவுங்க அத்தனை போட்டிருந்தாங்க.
எனக்கு ஏன் கூட வந்துச்சு?"

ஸ்க்ரூ டிரைவரால் வாசல் மண்ணில்
ஒரு கோடு கிழித்தேன்.
இரண்டு வட்டம் போட்டேன், ஒன்று சின்னது, ஒன்று பெரியது.
சின்ன லோடு இருக்கும் பக்கம்தான்
அழுத்தம் போய் நிற்கும் என்று சொல்ல வாயெடுத்து,
செருப்பால் அழித்துவிட்டேன்.

மீட்டரை வைத்துக் காட்டினேன்.
231.
"இன்னொருக்கா வைங்க" என்றாள்.
232.
கருகிய சார்ஜரைக் கையிலேயே வைத்திருந்தாள்.
"இன்னொருக்கா."