கொம்பு

பகலில் ஐந்து ரோட்டில், மூன்றாம் மாடியில்
டூவீலர் கடன் வசூல் எனக்கு.
முப்பது நாள் தவறியவர், அறுபது, தொண்ணூறு.
தொண்ணூறைத் தாண்டியவரை நாங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை,
வண்டி நம்பர்தான்.
"நீங்க என்ன பெரிய கொம்பா மேடம்?" என்றார் நேற்று ஒருவர்,
தாரமங்கலம், சிவப்பு வண்டி, ஏழு தவணை.
பதில் சொல்லவில்லை.
அந்தச் சொல்லை எழுதினாலே
முன்னால் ஒரு கொம்பு போடவேண்டியிருக்கிறது.

இரவு பத்தரைக்கு மேல் எனக்கு நிஜமாகவே ஒன்று உண்டு.
என்னைவிட ஒரு முழம் உயரம்.
பதினேழு தடவை தோற்றுப் பதினெட்டாவதில்
ஒரு கிழட்டுப் பாறைநாகத்தின் தலையிலிருந்து ஒடித்தது.
திரைக்குள் இருக்கும் கொல்லன் குடைந்து தந்தான்.
அடிக்கவும் ஆகும், ஊதவும் ஆகும்.
நான் ஊதினால் கூட வருகிறவர்களுக்குக்
கத்தி கூராகும், மூச்சு நீளும்.
அவ்வளவுதான் என் வேலை.

கிச்சிப்பாளையத்திலிருந்து தில்ஷாத், இரட்டைக் கத்தி,
யாரையும் கேட்காமல் வாலுக்குத்தான் போவாள்.
இரும்பாலைக் குடியிருப்பிலிருந்து இன்னாசி,
கதவளவு கேடயத்துக்குப் பின்னால் நின்று
எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான்.
மேலே நாகலூரிலிருந்து சேர்வராயன், வில்.
காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன்.
மழை வந்தால் அவன் சிக்னல் போய்விடும்,
உருவம் மட்டும் ஒரு பாறையை முட்டி
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று வெண்சாம்பல்.
அந்த மிருகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது.
நாற்பது நிமிஷ வேட்டை.
செத்தால் ஆளுக்கு மூன்று அறுப்பு, விழுந்தது லாபம்.
இந்த ஆட்டத்தில் மிருகத்தின் உயிரைத் திரையில் காட்டமாட்டார்கள்.
எண் கிடையாது, பட்டை கிடையாது.
எச்சில் வடியும். ஒரு கால் இழுக்கும்.
திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கூட்டுக்குப் போய்ப் படுக்கும்.
அதை வைத்துத்தான் நாம் கணக்குப் போடவேண்டும்.
முப்பத்திரண்டாவது நிமிஷம் படுத்தது.
தலைமாட்டில் நான்கு வெடிப்பீப்பாய் வைத்தோம்.
முதல் அம்பு சேர்வராயனுடையது.

"ஒரு நிமிஷம்" என்றான்.
"வெளிய மாடு நிக்குது."
மாடென்றால் அங்கே காட்டுமாடு.
மைக்கை அணைக்க மறந்துவிட்டான்.
தகரத்தில் மழையின் மிச்சச் சொட்டு.
செம்பருத்தி மளுக்கென்று ஒடிகிறது.
அப்புறம் ஒரு மூச்சு,
யாரோ சாக்கு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி.
"ஜன்னல்ல கண்ணாடி இல்ல" என்று கிசுகிசுத்தான்.
"கொம்பு உள்ள வருது."

இருபது வளைவுக்குக் கீழே, ஃபேன் காற்றில்,
நாங்கள் மூவரும் பட்டனிலிருந்து விரலை எடுத்திருந்தோம்.
யாரும் சொல்லி அல்ல.
திரையில் அது தூங்கிக்கொண்டிருந்தது, விலா ஏறி இறங்கியது.
எந்த மூச்சு எதனுடையது என்று
கொஞ்ச நேரம் எனக்குப் பிரிக்க வரவில்லை.

வேட்டை தோல்வி என்று எழுத்து விழுந்தது.
தில்ஷாத் திட்டித் தீர்த்தாள். நியாயம்தான்.
மார்க்கவசத்துக்கு ஒரே ஒரு செதில்,
மூன்று வாரமாகத் தேடுகிறாள்.

காலையில் பட்டியலில் முதல் பெயர் தாரமங்கலம்.
எட்டாவது மணியில் எடுத்தார். பேசவில்லை.
பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது,
முன்னால் மூச்சு.
"வெள்ளிக்கிழமை" என்று நானே சொல்லி வைத்தேன்.
எந்த வெள்ளி என்று
அவரும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குக் குழுவில் படம் போட்டான் சேர்வராயன்.
மொட்டையாய் ஒரு செம்பருத்தி.
கீழே சேற்றில் கை அகலத்துக்கு ஒரு குளம்படி,
தண்ணீர் தேங்கியிருந்தது.

தில்ஷாத் கேட்டிருந்தாள்:
"எத்தன வாட்டி அறுத்த?"