அரைப்பேர்

வியாழக்கிழமை கிளினிக். மஸ்கெலியா.
மழை தகரத்தில் பேசுவதால்
எல்லாரும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது,
பொய்யையும்.

பேராதனையிலிருந்து வந்த படிவத்தில் கேள்வி ஏழு:
கடந்த முப்பது நாளில் எத்தனை அலகு?
குருவிக்கு இருக்குமே, அதுவா என்கிறார் புஷ்பநாதன்.
கால் போத்தல் கசிப்பு,
சம்பளத்தன்று முழுசு,
அதில் பாதியைத் தம்பிக்காரன் குடித்துவிட்டால்?
திலினி தந்த அட்டையில்
பியருக்குக் கணக்கு உண்டு, சாராயத்துக்கு உண்டு,
ஓடைக்கரையில் காய்ச்சுவதற்கு இல்லை.
பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்.
அவள் அதை அழிக்கவில்லை.

படிவத்தில் அவர் பேர் கிடையாது. நாற்பத்தொன்று.
"தோட்டத்துல வேல கொறஞ்சா அரைப்பேரு போடுவாங்க,
இங்க அதுவும் இல்லியா மிஸ்?"
சிரிக்கும்போது
மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.
கை நடுக்கத்துக்குக் கட்டம் இருந்தது,
பூச்சியம் முதல் ஏழு வரை.
நாலு என்று எழுதினேன்.

மூன்றாம் மாதம் வரவில்லை. நாலாம் மாதமும்.
'தொடர்பு அறுந்தவர்' என்று பதியச் சொன்னது வழிகாட்டி.
பதிந்தேன்.
அன்று மாலை நோர்வூட் பஸ்ஸில்
எனக்கு முன் சீட்டில் இருந்தார்,
மடியில் கோவாப் பையோடு,
தொடர்பு அறுந்தவர்.
"குடிக்காம இருந்தேன்னு சொல்லவா
ஒரு நாள் பேர விட்டுட்டு வரணும்?"

படிவத்தின் மீது கோபம் வந்தது.
அடுத்த முறை திலினி வந்தபோது
அறுந்த இருபத்தாறு பேரையும் மாதவாரியாக அடுக்கிக் காட்டினாள்.
பத்தொன்பது பேர்
கொழுந்து மலிந்த மாதங்களில் நின்றவர்கள்.
குடித்துவிட்டார்கள், அதனால் வெட்கம் என்றே
நான் நினைத்திருந்தேன்,
பதினாலு வருஷமாக.
முகங்களை ஒவ்வொன்றாகத்தானே பார்க்க முடிகிறது.

இப்போது கிளினிக் ஞாயிறு பின்னேரம்,
கைக்காசுக் கொழுந்து நிறுத்த பிறகு.
என் ஞாயிறு போயிற்று, அது வேறு கதை.
புஷ்பநாதன் மூன்று ஞாயிறு வந்தார்.
நாலாவது, வாசலுக்கு முன்பே வாசனை வந்தது,
பிறகு அவர்.

ஓரத்தில் எழுதினேன்:
குடித்திருந்தார். வந்தார்.

பேராதனையிலிருந்து போன்.
"அந்த ரெண்டையும் ரெண்டு கட்டமாக்கலாமா?"
ஆம் என்றேன்.
கேட்கவில்லை என்றாள்.
இங்கே மழை.