வாய்தா

சாவி ஏதும் தரவில்லை.
ஒரு காகிதம், அதில் ஓர் எண்: 1147/3.
ஸ்லோவேனியா, கொச்செவ்யேவுக்கு வடக்கே
இரண்டரை ஹெக்டேர் காடு.
ஆயுளில் இருமுறை பார்த்த சித்தப்பா ஸ்டானே
வேறு நாதியில்லாமல் எனக்கு விட்டுப்போனது.

நான் லியுப்லியானாவில் பொய்ப்பல் செய்பவள்.
மெழுகு தெரியும், பீங்கான் தெரியும்.
மரத்தில் எனக்குத் தெரிந்தது மேசை.

இரண்டாம் காகிதம் வனத்துறையிலிருந்து:
தங்கள் காட்டில் பதினான்கு ஸ்ப்ரூஸ் மரங்களில் பட்டைவண்டு.
இருபத்தொரு நாளில் வெட்டி அகற்றவும்.
தவறினால் நாங்கள் வெட்டுவோம், கூலி தங்கள் கணக்கில்.
சொந்தக்காரி ஆகும் முன்பே
கடன்காரி ஆகியிருந்தேன்.

வனவர் நேவெங்கா சுத்தியலும் கத்தியுமாக வந்தாள்.
அடிமரத்தில் காப்பித்தூள் போல ஏதோ உதிர்ந்து கிடந்தது.
பட்டையை நெம்பிக் காட்டினாள்:
நடுவில் தாய்வண்டு குடைந்த பெருந்தெரு,
இருபுறமும் பிள்ளைகள் குடைந்த சந்துகள்.
இருபது வருடத்தில்
இத்தனை நேர்த்தியான சொத்தையை நான் கண்டதில்லை.

பதினான்கிலும் நீலக் குறி வைத்தாள்.
காய்ந்து நின்ற பீச் மரத்தை மட்டும்
தொடாமல் கடந்தாள்.
"அது செத்துவிட்டதே?"
"ஆமாம். மேல்மாடியில் ஆள் இருக்கிறது" என்றாள்,
மரங்கொத்தியின் துளையை நிமிர்ந்து பார்க்காமலே.

சரிவின் விளிம்பில் அந்த ஃபிர்.
நாங்கள் இருவர் கைகோத்தும் பாதிகூட எட்டவில்லை.
"சித்தப்பாவுக்கு இதன்மேல் அவ்வளவு பிரியமா?"
"பிரியமா!" நேவெங்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லைக்கல்லை அதன் வேர் விழுங்கிவிட்டது.
மரம் எனது என்றார் ஸ்டானே.
எனது என்றார் பக்கத்துக் காட்டு லூத்விக் ஓராஜெம்.
எண்பத்தொன்றில் வழக்கு.
தீர்ப்பு வரும்வரை எவரும் கோடரி வைக்கலாகாது.
சர்வேயர் மூவர் வந்தார்கள், மூன்று கோடு போட்டார்கள்.
நாணயம் இருமுறை மாறியது.
வழக்கை வாங்கிக்கொண்ட நாடே
கலைந்து வேறு பெயரில் எழுந்தது.
மரம் வாய்தாவில் நின்றது.

சண்டையில்லாத மரங்களை எல்லாம்
இருவருமே வெட்டி விற்றிருந்தார்கள்.
விலைபோகுமென்று வரிசையாக ஸ்ப்ரூஸ் நட்டார்கள்.
அந்த வரிசையில்தான் இன்று நீலக் குறி.

சனிக்கிழமை லூத்விக்கின் மகள் மிலோய்கா வந்தாள்,
லாரி ஓட்டுகிறவள், என் வயதுதான்.
"அப்பாவுக்கு அலுத்துவிட்டது. முடித்துக்கொள்வோம்.
ரிப்னித்ஸா மரஅறுவை ஆலையில் விலை கேட்டேன், ஆளுக்குப் பாதி."
தொகையைச் சொன்னாள்.
பதினான்கு மரத்தின் கூலி போக
என் பட்டறைக்கு ஒரு புதுச் சூளை வாங்கலாம்.
வாங்கவும் செய்தேன், மனதுக்குள்;
வெப்பத்தைக்கூடச் சரிபார்த்துவிட்டேன்.

அப்போது காலடியில் ஏதோ உரசியது.
கணுக்கால் உயர ஃபிர் கன்றுகள்,
கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.
பாதிக்கு மேல் நுனியில்லை, மான் கடித்தது.

"ஒப்பமாட்டேன்" என்றேன்.
"மரம் முழுக்க என்னுடையது."

மிலோய்கா என்னை முறைத்தாள்.
என் கண் போன இடத்துக்கு அவள் கண்ணும் போனது.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, மலைக்கே கேட்கும்படி,
"கனவு காணாதே! அது எங்களுடையது" என்று கத்திவிட்டு
லாரிக்குப் போய்
அரைச்சாக்கு ஆட்டுமயிர் கொண்டுவந்தாள்.
கன்றின் நுனியில் ஒரு சிமிட்டா சுற்றிவிட்டால்
மானுக்கு வாய் கூசுமாம்.

இருட்டும்வரை குனிந்தே இருந்தோம்.
அவள் என் எல்லையில், நான் அவள் எல்லையில்.
பல்லுக்கு உறை போட்ட கை,
பழக நேரமாகவில்லை.

அடுத்த வாய்தா நவம்பரில்.
வக்கீலுக்கு எழுதிவிட்டேன்:
எங்கள் தரப்புச் சாட்சிகள்
இன்னும் மேஜராகவில்லை.
அவகாசம் கேளுங்கள்.