ப. நே.

என் நாவலில் இயந்திரம் கிடையாது.
பின்கதவைக் கயிற்றால் கட்டிய
ஒரு மினிபஸ்தான்.

கொழும்பிலிருந்து பதிப்பாளர் அழைக்கிறார்.
காலப்பயணம் என்றால் பறங்கியர் வந்திறங்கிய காலம் இருக்கு,
இல்லையென்றால் நூலகம் எரிந்த இரவு,
ஒருத்தி வாளியோடு ஓடட்டுமே பிள்ளை,
அரை மணித்தியாலம் பின்னால் போறதுக்கு
ஆர் காசு குடுத்துப் புத்தகம் வாங்குவினம்?

அவர் முகமாலையைக் கடந்ததில்லை.

தொண்ணூற்றாறில் அரசாங்கம் முட்களை முன்னே தள்ளியது.
வன்னி தள்ளவில்லை.
எங்கள் வைரவரும் தள்ளவில்லை, பூசை பழையபடியே.
அக்காவின் கலியாணக் கார்டில்
இரண்டையும் அச்சடித்தோம்:
பு.நே. 10.38, ப.நே. 10.08.
மாமா ஒருவர் இரண்டுக்கும் பிந்தி வந்தார்.

பாதை திறந்த பிறகு, சனிக்கிழமைகளில்,
பையைத் திறந்து காட்டி
பெயரை எழுதிக் கொடுத்து
சூனியப் பிரதேசம் தாண்டி
மறுபடி பையைத் திறந்து காட்டி
அடுத்த பஸ்ஸில் ஏறும்போது
எனக்கு முப்பது நிமிடம் வயது குறைந்திருக்கும்.

கிளிநொச்சியில், தண்ணீர்த் தாங்கிக்கு எதிரே,
வெண்கட்டித் தூள் படிந்த காற்சட்டையோடு
குகபாலன் நிற்பான்.
"கொண்டுவந்த அரை மணித்தியாலத்தைத் தாரும்" என்பான்
கப்பம் கேட்பவனைப் போல.
அதை நாங்கள் தேநீர்க் கடையில் செலவழித்தோம்.
மிச்சப் பகல் முழுக்கப் பேசியது மறந்துபோனது.
அந்த அரை மணியில் பேசியது மட்டும் கிடக்கிறது:
அவன் தாயின் சீனி வருத்தம்,
வடைக்குள் அகப்பட்ட கல்,
ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெடியன்
ஐதரசன் தொடங்கி ஆகன் வரைக்கும்
தேவாரம் மாதிரி இழுத்துப் பாடியது.

திரும்பும்போது அதை அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும்.
காவலரணில் என் பைக்குள் கைவிட்டுத் துழாவியவள்
அதைத்தான் தேடினாளோ தெரியாது.

அவன் கடிதங்களின் வலது மூலையில்
திகதி, நேரம், பக்கத்தில் சின்னதாக ப.நே.

இரண்டாயிரத்து ஆறு, வருஷம் பிறந்த அன்றிரவு
அரசாங்கம் மனம் மாறியது.
பன்னிரண்டரை திரும்பவும் பன்னிரண்டானது.
யாழ்ப்பாணம் முழுவதற்கும்
ஒரே அரை மணித்தியாலம் இரண்டு தரம் கிடைத்தது.
இரண்டு தரமும் நான் நித்திரை.

அடுத்த கடிதத்தில் ப.நே. எழுதி
அதைக் குறுக்கே வெட்டியிருந்தான்.
இனிப் பிந்தி வர உமக்குச் சாட்டில்லை.

ஆவணியில் பாதை பூட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நாவலில் இல்லை.
அதை எழுதுவதென்றால்
எனக்கும் ஓர் இயந்திரம் வேண்டும்.

இப்போது நல்லூர்ப் பின்வீதியில்
ஓர் ஆவணக் காப்பகம், ஒற்றை அறை, குளிரூட்டி ஒழுகுகிறது.
கடிதங்களை ஸ்கேன் பண்ணக் கொண்டுபோனேன்,
பதினேழு கடிதம், நான்கு பஸ் டிக்கெட்.
யதுர்சனுக்கு இருபது வயது இருக்கலாம்.
கையுறை போட்ட விரலால் மூலையைத் தொட்டு
"ப.நே. எண்டது ஆரின்ரை இனிசல் அக்கா?" என்றான்.
சொன்னேன். கேட்டுக்கொண்டே
கணினியில் நேரம் என்ற கட்டத்தை வெறித்தான்.
"இதுக்குள்ளை ஒரு நேரந்தான் போகும்."
இரண்டையும் போடுமென்றேன்.
போட்டான். கட்டம் சிவந்தது.
குறிப்பு என்ற பெட்டிக்குள் வேறாகத் தட்டினான்,
எழுத்துப்பிழை இரண்டு. திருத்தவில்லை நான்.

பிறகு அந்த வெட்டிய கடிதத்தை
முகம் கீழாகக் கண்ணாடியில் வைத்து மூடினான்.
வெளிச்சம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்ந்தது.
"ஆடிப்போச்சுது அக்கா. திரும்ப ஒருக்கா எடுப்பம்."

இரண்டாம் தரம்
நான் முழித்திருந்தேன்.