பதினேழாவது கேள்வி

வெள்ளிக்கிழமை. முசாஃபா கேம்ப், மெஸ் ஹால்.
சாம்பார் அண்டாவைத் தள்ளிவைத்துவிட்டு
டாக்டர் ஹதீல் காகிதக் கட்டைப் பிரித்தார்.
அம்மானில் பிறந்தவர். இங்கே பல்கலைக்கழகத்தில்
ஆட்கள் வேலையில் எப்படி இருக்கிறார்கள் என்று
எண்ணிப் பார்ப்பது அவர் வேலை.
நான் டைம்கீப்பர். தமிழ் தெரியும் என்பதால்
அன்று அவருக்கு வாய்.

ஒன்று என்றால் இல்லவே இல்லை,
ஐந்து என்றால் முழுக்க முழுக்க.
விரலைக் காட்டினால் போதும் என்றேன்.

வேலையில் நிறைவா? ஐந்து.
மேலதிகாரி மதிக்கிறாரா? ஐந்து.
உறக்கம்? ஐந்து.
வண்டியை நிறுத்தும் டிராபிக் போலீஸ் மாதிரி
கையை விரித்து விரித்துக் காட்டினார்கள்.
நாற்பது பேர் முடிந்ததும் ஹதீல் பேனாவை மூடினார்.
“யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்?”
ஃபோர்மேன் வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.
போகச் சொன்னோம். போனார்.
அப்புறமும் ஐந்துதான்.

எப்படி விளக்குவது அவருக்கு.
வாரம் முழுக்க போனில்
சாப்பிட்டியா, சாப்பிட்டேன்,
வெயில் எப்படி, பரவாயில்லை என்று பழகிய வாய்
கேள்வி முடியுமுன்பே பதிலை வைத்துவிடும்.

நாற்பத்தொன்றாவது ஆள் மாசானமுத்து.
சாரம் கட்டுகிறவர். அவர் மட்டும்
விரலை மடக்கிக்கொண்டு யோசித்தார்.
கேள்வி ஒன்பது: பணியிடத்தில்
குடிநீர் போதுமான அளவு கிடைக்கிறதா?

“கெடைக்கும்டே. ஐஸ் போட்டே வச்சிருக்கான்.
நாங்கதான் குடிக்கதில்ல.”
ஏன்?
“நாப்பது மீட்டர் ஒசரத்துல நிக்கேன். ஒண்ணுக்கு வந்தா
ஹூக்கக் கழத்தி, ஏணி ஏணியா எறங்கி,
பாஸ் எழுதி, திரும்ப ஏற
அரை மணி நேரம். நாளைக்கு ரெண்டு மட்டம்
எறங்குனா பேரு கெட்டுரும்.
பதினோரு மணிக்கு மேல
வாயக் கொப்பளிச்சுத் துப்பிருவேன்.”

தண்ணீருக்கு ஐந்து. இறங்குவதற்கு ஒன்று.
மூன்றில் வட்டம் போட்டேன்.
‘பரவாயில்லையாம்’ என்று
ஹதீலுக்கு மொழிபெயர்த்தேன்.

அவர் தம்பி சுடலைக்கண்ணுவும்
அதே கோபுரத்தில், அதே கணக்கில்
தண்ணீர் குடித்தவன். முப்பத்தொரு வயது.
இப்போது தூத்துக்குடி ஆஸ்பத்திரியில்
வாரம் மூன்று நாள் மெஷினோடு படுத்திருக்கிறான்.
தம்பிக்கு ஒரு விசா பாரேன் என்று அண்ணன் கேட்டபோது
விண்ணப்பத்தை டைப் அடித்தது நான்.
எழுத்துப்பிழை இல்லாமல்.

இந்த வேலையை
நெருங்கிய உறவினருக்குப் பரிந்துரைப்பீர்களா?
கேள்வி பதினேழு.

பக்கத்தைத் திருப்பினேன்.
அவருக்கு மட்டும் என்றால் தெரிந்துவிடும்,
பின்னால் வந்த எல்லோருக்கும் திருப்பினேன்.

மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது.
சராசரி நாலு புள்ளி மூன்று.
மெஸ் சுவருக்கு இளம்பச்சை அடித்தார்கள்,
மனம் ஆறுமாம்.
டேபிள் டென்னிஸ் மேசை ஒன்றும் வந்து இறங்கியது.
அதன் வலையில் இப்போது
யாருடைய கவராலோ காய்கிறது.

நேற்று ஹதீலிடமிருந்து மின்னஞ்சல்.
நாற்பத்தொன்றாம் தாளிலிருந்து
ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறதே,
மொழிபெயர்ப்பில் ஏதும் சிக்கலா என்று
மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.
நேரம் கிடைத்தால்
நீங்களும் ஒரு தாள் நிரப்பலாமே என்றும்.

ஆறு மணி பஸ் வந்துவிட்டது.
மாசானமுத்து கட்டைவிரலை மெஷினில் வைக்கிறார்.
எடுக்கவில்லை. சட்டையில் துடைத்து
மறுபடி வைக்கிறார். எடுக்கவில்லை.
ரேகை தேய்ந்தவர்களுக்கென்று
என்னிடம் ஒரு நோட்டு உண்டு.
பேரை நான்தான் எழுதவேண்டும்.

பின்னால் வரிசை நீள்கிறது.
கண்ணாடித் துளை வழியே குனிந்து கேட்கிறார்:
“எழுதிட்டியாடே?”