பாசிக்குக் காவல்

செண்டோல் நிறத்தில் இருபது புட்டிகள்
குமிழ்விட்டுக்கொண்டிருந்தன.
"இதையா குடிக்கச் சொல்லப் போறீங்க?"
என்றார் இரவுக் காவலர் குலசீலன்.
கொழுப்பு மாத்திரைக்காரர்.

குடிக்க இல்லை, அண்ணே. பிழிந்தால்
நகக்கண்ணளவு மெழுகு. ஸ்டீரால்.
கொழுப்பு குடலில் இறங்கும் இடத்தில்
முந்திப்போய்த் துண்டு போட்டுவிடும்.
காடழித்துச் செம்பனை நட வேண்டாம்;
வெளிச்சமும் உப்புத்தண்ணியும் போதும்.

"எங்க பாயான் பாரு வீட்டுக் குளியலறையில
சும்மாவே வளருதே!
வாராவாரம் பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன்."

ஒன்றரைக்கு மின்சாரம் போனது.
காற்று நின்றது. பச்சை மெல்ல
அடியில் படியத் தொடங்கியது.

நான் கேட்கவில்லை.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
முதல் புட்டியை அவர்தான் தூக்கினார்.

விடியும்வரை குலுக்கினோம்,
அவர் பத்து, நான் பத்து.
பாலத்தில் விளக்குகள் அணைந்தபோதுதான்
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்:
ராத்திரி மாத்திரை அப்படியே இருந்தது.